ஏழாம் விதி திருத்திய ஞாயிறு

1997 ஆனி (ஜூன்) 27, வெள்ளி
விடியுமுன் மழை. பூசை, பதிகம், இஞ்சித் தேநீர். பின் திருத்தப் பிரேரணையை மூன்றாம் முறையாகச் செப்பமிட்டேன்.

எங்கள் தமிழ்ச் சங்க யாப்பின், அதாவது அமைப்புச் சட்டத்தின், ஏழாம் விதி: தேர்தல் பகுதிகளுக்கு நிர்வாகக் குழுவே எல்லை வகுக்கும். ஆள்பவர் கையிலேயே அளவுகோல். விளைவு: நகரின் மூன்று பகுதிகளில் லின்ஃபீல்டுக்குக் குழு உறுப்பினர் இருவர், பிளாக்ஹவுஸ் பேக்கு இருவர், குடும்பங்கள் பெருகிய மனுகாவுக்கு ஒருவர்.

என் திருத்தம்: தேர்தலில் நில்லாத மூவர், குடும்பங்களை எண்ணி எல்லை வகுப்பர். இந்நாட்டுப் பாராளுமன்றத் தொகுதிகளையும் தனிக் குழுவே வகுக்கிறது. மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும்.

லின்ஃபீல்டின் இருவரில் நானும் ஒருவன். என் இடம், என் நாற்காலி, போகலாம். போகட்டும்.

தொலைபேசியில் சிவபாலன். மனைவியின் தம்பி, சங்கத் தலைவர், பிளாக்ஹவுஸ் பேயின் இருவரில் ஒருவர்.
"அத்தான், உங்கடை கதிரையை நீங்களே தூக்கி வெளியிலை வைக்கிறியள்."
"கதிரை சங்கத்தின்ரை, தம்பி."

ஆனி 29, ஞாயிறு
கடுங்குளிர். இத்தென்கோளத்தில் ஆனிதான் நடுக்குளிர்காலம். பிளாக்ஹவுஸ் பே மண்டபம். வந்தவர் முப்பத்தாறு; வேண்டியது இருபத்துநான்கு. மனுகாவிலிருந்து ஒன்பது பேர், ஒரே வான் வண்டியில். பலருக்கு வேலை முறை. ஐந்தரைக்குப் புறப்பட வேண்டும்.

கலைவிழாப் பேச்சிலேயே ஒரு மணி நேரம் கரைந்தது. ஐந்தேகால் கடந்து என் முறை. சிவபாலன் எழுந்தான்.
"ஞாயிறு நாலரை தொடக்கம் ஆறு மட்டும் ராகு காலம். அத்தான் இதிலை ஒரு நல்ல காரியமும் தொடங்கார். ஆறுக்குப் பிறகு வாக்கெடுப்பம்."

என் ஆசாரத்தைக் கொண்டே எனக்கு அணை. சபை தலையசைத்தது. மனுகாவின் மருத்துவமனைத் தாதி கலா, தமிழ்நாட்டுப் பெண், எழுந்தாள்: "ஐயா, ஆறு மணிக்கு நாங்க இருக்க மாட்டோம். டூட்டி இருக்கு."

ஊர்ப் பஞ்சாங்கப்படி அவன் சொன்னது சரி. பின் சன்னலை நோக்கினேன். வெளியே சூரியன் மறைந்திருந்தது. பகலை எட்டாய் வகுத்தால் ஞாயிறன்று கடைசிக் கூறு ராகுவுடையது. நாலரையும் ஆறும், ஆறுக்கு மறையும் ஊர்ச் சூரியனின் கணக்கு.

"இங்கை ஐஞ்சேகாலுக்கே பொழுது பட்டிட்டுது. விழுங்கச் சூரியன் இல்லாத வானத்திலை ராகுவுக்கு என்ன வேலை?"

பின்வரிசையில் ஒரு குரல்: "தலைவர் ராகுவை ஓவர்டைம் செய்ய விடுறார்!"

சிரிப்பு. கைகள் உயர்ந்தன. ஆதரவு இருபத்தைந்து. நிறைவேறியது. மனுகா வண்டியும் நேரத்துக்குப் புறப்பட்டது. வீடு வந்து விளக்கேற்றி வணங்கினேன்.

ஆடி (ஜூலை) 26, சனி
மழை ஓய்வு. மூவர் குழுவின் வரைபடம் தபாலில். மனுகாவுக்கு மூவர். லின்ஃபீல்டுக்கு ஒருவர், பிளாக்ஹவுஸ் பேக்கு ஒருவர். நேர்மையான எண்ணிக்கை. புதிய எல்லைக் கோடு எங்கள் தெரு நடுவே. எங்கள் வீடு பிளாக்ஹவுஸ் பே பக்கம். மனைவி வரைபடத்தின்மேல் முருங்கைக்காய் வைத்து நறுக்கப் போனாள். மீட்டேன்.

மதியம் தொலைபேசியில் சிவபாலன்.
"அத்தான், இப்ப எங்கடை பகுதிக்கு ஒரே இடம். நான் நிக்கிறன். உங்கடை வாக்கு எனக்குத்தானே?"
"நானும் அதே பகுதி, தம்பி. வேட்புமனு நிரப்பிக்கொண்டு இருக்கிறன்."

பிறகு, "அக்காவைக் கூப்பிடுங்கோ" என்றான்.