சுவரில் விட்ட இடம்

போன வாரத்து மழையில் நம் வீட்டுச் சுற்றுச்சுவரின் சுண்ணாம்பு பெயர்ந்து விழுந்துவிட்டது. உள்ளேயிருந்து உங்கள் கையெழுத்து எட்டிப் பார்க்கிறது. நீல எழுத்தில் 'திருச்செங்கோடு பாராளுமன்றத் தொகுதி வேட்பாளர்'. அதற்குக் கீழே வெற்று இடம். வாசல் தெளிக்கப் போன நான் வாளியோடு அங்கேயே நின்றுவிட்டேன்.

தேர்தலுக்கு வெகுநாள் முன்பே சுவர் பிடித்து, வெள்ளையடித்து, 'ரிசர்வ்' என்று எழுதி வைப்பது உங்கள் கட்சிக்காரர்கள் வழக்கம். பெயருக்கு மட்டும் இடம் விடுவீர்கள், ஆள் யாரென்று மேலிடம் சொன்ன பிறகு நிரப்புவதற்கு. நம் சுவரில் அந்த இடத்தை உங்கள் பெயரின் அளவுக்கே விட்டீர்கள். எனக்குத் தெரியாதென்று நினைத்தீர்கள். நீங்கள் சாண் போட்டு அளந்ததைச் சமையலறை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

"அடுத்த தடவை உங்களுக்குத்தானுங்க" என்பார் மாவட்டச் செயலாளர். "மாவட்டமே சொல்லிட்டாரு புள்ள" என்று நீங்கள் காபியை ஆறவிட்டுப் பேசிக்கொண்டிருப்பீர்கள். ஒவ்வொரு தடவையும் வேறொருவர் பெயர் வந்தது. அதையும் நீங்களே எழுதினீர்கள், ஒரு எழுத்தும் கோணாமல். சின்னப் பெயராக இருந்தால் இருபுறமும் பூப்போட்டு இடத்தை நிரப்பினீர்கள். அந்தப் பூக்களைத்தான் என்னால் பொறுக்க முடிந்ததில்லை.

பிறகு தொகுதியையே கலைத்துவிட்டார்கள். பங்காளிகள் காடு பிரிப்பது போலச் சங்ககிரியும் திருச்செங்கோடும் நாமக்கல்லுக்கு, எடப்பாடி சேலத்துக்கு, ஈரோடு தனியே. பேப்பரில் வந்ததை நீங்கள் நம்பவில்லை. மேலிடம் விடாது என்றீர்கள். எல்லோரையும் முந்திக்கொண்டு சுவர் பிடித்து, இதோ இந்த எழுத்தை எழுதினீர்கள். மாவட்டம் காரை நிறுத்தி, கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

"ஏனுங்க, செத்த தொகுதிக்கு யாருங்க நிக்கறது? நீங்களா?"

காரில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். அன்றிலிருந்து டீக்கடையில் உங்களுக்கு 'எம்.பி.' என்று பெயர். அதற்கும் கும்பிடு போட்டுக்கொண்டு உட்கார்ந்தீர்கள். அப்போது வந்த ஆத்திரம் எனக்கு இன்னும் தணியவில்லை. அது அவர்கள் மேலா, உங்கள் மேலா என்றும் தெரியவில்லை.

எழுத்தை அழிக்க உங்களுக்கு மனம் வரவில்லை. அது அப்படியே இருக்கும்போதே போய்ச் சேர்ந்தீர்கள். மாவட்டம் மாலையோடு வந்தார். கண்ணீர் அஞ்சலி போஸ்டரை எங்கே ஒட்டலாமென்று பார்த்த பையன்களுக்கு அந்த இடம் அளவாக இருந்தது. மேலே 'வேட்பாளர்', கீழே உங்கள் பெயர். உங்கள் பெயர் அந்தச் சுவரில் ஏறியது அந்த ஒரு தடவைதான். அதிலும் மாவட்டத்தின் படம் உங்கள் படத்தைவிடப் பெரிது. காரியம் முடிந்த மறுநாள் நானே கிழித்து எறிந்து, சுண்ணாம்பு அடித்தேன்.

இன்று காலை உங்கள் கட்சிப் பையன்கள் வந்தார்கள்.

"தொகுதியெல்லாம் மறுபடி பிரிக்கப் போறாங்களாமுங்கம்மா. செவுத்துக்கு வெள்ளையடிச்சுக்கறமுங்க."

"அடிச்சுக்கங்க சாமி. அந்த எடத்த மட்டும் உட்டுருங்க."

"ஏனுங்கம்மா? வெறும் எடந்தானுங்களே?"

"எங்கூட்டுக்காரருக்கு ரிசர்வு."

ஒருவன் சிரித்தான். காரில் கேட்ட அதே சிரிப்பு. நீங்களாக இருந்தால் கூடச் சேர்ந்து சிரித்திருப்பீர்கள். நான் சிரிக்கவில்லை. அவன் வாயை மூடும்வரை அவனையே பார்த்துக்கொண்டு நின்றேன்.