வெள்ளத்தில் பூட்டிக்கொண்ட காவற்பேழைகள்

குளம் நிறைந்து குடி தழைக்கும் குவளைநாட்டின் தலைமை அமைச்சர், மன்னர் மனமறிந்த இளநாகனார் திருமுன், கழிமுகப்பட்டினத்து அதிகாரி அரையன் வெண்காடன் பணிந்து விடுக்கும் ஓலை. தலைநகரில் மழை அளவோடு பெய்து அனைவரும் நலமுற்றிருப்பீர்களாக. இங்கே அளவு மீறிவிட்டது.

ஏடுகளைத் திருடிக் கள்ளப்படி எடுத்து விற்போர் பெருகியதால், ஏடுடையோர் யாவரும் அரண்மனைத் தச்சர் செய்த காவற்பேழையிலேயே அவற்றை வைக்க வேண்டும், வெளியே படி ஒன்றும் இருத்தலாகாது என்ற ஆணையை அடியேன் முரசறைந்து நிறைவேற்றினேன். பேழையை வைத்த இடம்விட்டுத் தூக்கினால் உள்ளிருக்கும் குண்டு உருண்டு பூட்டு தானே விழும், பின்னர் அரண்மனைத் தச்சரால் மட்டுமே திறக்க இயலும் என்றபோது ஊரார் மகிழ்ந்தனர். பேழை எம் வீட்டிலிருக்கத் திறவுகோல் மட்டும் அரண்மனையில் இருப்பானேன் எனச் சிலர் வினவினர். அவர்களை அதட்டி அனுப்பினேன். விடை எனக்கும் தெரியாது.

சென்ற வாரம் ஆறு ஊருக்குள் புகுந்தது. ஏடு நனையாதிருக்க மக்கள் பேழைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடினர். எல்லாப் பேழைகளும் பூட்டிக்கொண்டன. கள்வன் தூக்குவதும் உடையவன் தூக்குவதும் அவற்றுக்கு ஒன்றே போலும். இப்போது சிலர் பேழைக்குப் பூச்சூட்டிக் கெஞ்சுகின்றனர். சிலர் கவிழ்த்து உலுக்குகின்றனர். ஏடு பத்திரமாயிருக்கிறதே எனச் சிலர் பெருமைப்படுகின்றனர். யாரைக் கண்டிப்பது, யாரைத் தேற்றுவது என ஒன்றும் விளங்கவில்லை.

ஊருக்குள் வெள்ளம் வடிந்ததும் பிள்ளைகளுக்குக் கடுங்காய்ச்சல் கண்டது. மருந்தின் அளவு தன் பேழைக்குள் இருப்பதாகவும், மருந்துச் சரக்கு ஏதேனும் ஒன்று சற்றே கூடினாலும் அது நஞ்சாகும் என்பதால் நினைவை நம்பிக் கொடுக்கத் துணியேன் என்றும் மருத்துவி சேந்தி கூறினார். பேழையை உடைப்பவன் கள்வன் என்பது ஆணை. தச்சர் வரும் வழியோ அன்று இன்னும் நீருக்கடியில். ஆகவே அடியேனே கோடரி எடுத்து மருத்துவியின் பேழையை உடைத்தேன். கள்வன் பெயரை உடைந்த பலகையில் பொறிக்க வேண்டும் என்பதும் ஆணையாதலால் வெண்காடன் என்று பொறித்துவிட்டேன். மருந்துண்ட பிள்ளைகள் இன்று கஞ்சி கேட்கின்றனர். எப்பொருளும் களவு போகவில்லை, ஆயினும் கள்வன் அகப்பட்டிருக்கிறான். இவ்வழக்கை எப்படி எழுதுவதென்று தெரியாமல் திகைக்கிறேன்.

காய்ச்சல் அண்டை ஊர்களுக்கும் பரவுகிறது. மருந்தளவை எழுதி அனுப்பினால் அது கள்ளப்படி. அனுப்பாவிட்டால் அவ்வூர்ப் பிள்ளைகள் பிழைப்பது அரிது. தங்கள் விடை வரும்வரை காய்ச்சல் காத்திராது.

அரச முத்திரை என் பேழைக்குள் பூட்டுண்டு கிடக்கிறது. என் வசதிக்காக அதை உடைக்க மனம் வரவில்லை. இவ்வோலைக்கு என் கட்டைவிரலே முத்திரை. ஓலையின் பின்புறத்தில் மருந்தளவு எழுதப்பட்டுள்ளது. இதைக் கொணரும் தூதன் கண்டன், வழியிலுள்ள ஊர்தோறும் நின்று, அப்பின்புறத்தை உரக்கப் படித்த பின்னரே தங்கள் வாயிலை அடைய வேண்டும் என்பது என் கட்டளை. ஓலை தாமதமாய் வந்திருந்தால் அவன்மேல் குற்றமில்லை.