போர்ட் ஒயினும் மீன் குழம்பும்

பிரிக்பீல்ட்ஸ்,
12.6.1978

தங்கமணிக்கு,

நீரும் கலாவும் கிள்ளானில் உம்முடைய அண்ணன் நாகையா வீட்டில் இருப்பதைப் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித்தான் அறிந்தேன். புருஷனிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போவது சரியா? பிள்ளைக்குப் படிப்பு வீணாகிறது. நான் கடையில் சாப்பிடுகிறேன்.

கோபப்பட வேண்டியவன் நான். எங்கள் ஆபீஸ் டைரக்டர் முதல்முறையாக நம் வீட்டு விருந்துக்கு வந்தார். போர்ச்சுகலில் வாங்கிய போர்ட் ஒயினைக் கையோடு கொண்டுவந்தார். பிராந்தி சேர்த்த இனிப்பு ஒயின் அது. சாப்பாடு முடிந்தபின் சின்னக் கிளாசில் ஊற்றி, சீஸும் வால்நட்டும் வைத்துக்கொண்டு மெல்லக் குடிப்பது. நீரோ தண்ணீர் டம்ளரில் நிறைய ஊற்றி, மீன் குழம்புக்குப் பக்கத்தில் வைத்தீர். புளிப்பும் உறைப்பும் அந்த இனிப்போடு சேருமா? ஒரு வாய் குடித்துவிட்டு மனுஷன் தள்ளி வைத்துவிட்டார். அவர் மனைவி சிரித்தாள். என் பதவி உயர்வு அவர் கையில் இருக்கிறது என்பது உமக்குத் தெரியும்.

போனது போகட்டும். ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்து சேரும்.

தியாகராசா

*

கிள்ளான்,
16.6.1978

கலாவின் அப்பாவுக்கு,

“ஒயின் இருக்கு, எடுத்து வையும்” என்றீர்கள். வைத்தேன். எப்போது, எதோடு என்று நீங்கள் சொல்லவில்லை. அதற்காக நான் வீட்டை விட்டு வரவில்லை.

அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே, “இவ ஆர்?” என்று உங்களிடம் கேட்டார். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். பிறகு, “சமைக்க வந்தவ. பந்திங் ரப்பர்த் தோட்டத்துப் பக்கம்” என்றீர்கள்.

அப்பளத் தட்டோடு நான் அங்கேதான் நின்றேன். அடுக்களைக் கதவுக்குப் பின்னால் கலா நின்றாள். உங்களை மணந்து ஒன்பது வருடமாகிறது. கிள்ளான் பஸ்ஸில் கலா என்னிடம், “அப்பா ஏம்மா அப்படிச் சொன்னாரு?” என்று கேட்டாள். அவளுக்கு என்ன சொல்வது என்று நீங்களே எழுதுங்கள்.

தங்கமணி

*

பிரிக்பீல்ட்ஸ்,
24.6.1978

அன்புள்ள தங்கமணிக்கு,

வாய் தவறிவிட்டது. டைரக்டரும் எங்கள் யாழ்ப்பாணத்து ஆள். மனைவி என்று சொல்லியிருந்தால், எந்த ஊர், ஆருடைய மகள் என்று யாழ்ப்பாணம் வரைக்கும் விசாரித்திருப்பார்கள். நேரம் பார்த்துச் சொல்லலாம் என்றிருந்தேன். நீர் படித்தவர், புரிந்துகொள்வீர்.

நல்ல செய்தி. பதவி உயர்வு கிடைத்துவிட்டது. வரும் மாதம் டைரக்டர் மறுபடி சாப்பிட வருகிறார். இன்னொரு போத்தல் கொண்டுவருகிறாராம். இந்த முறை நீலம் பூத்த சீஸ், கசப்புச் சாக்லேட், பழக் கேக் எல்லாம் நானே வாங்கி வைத்துவிட்டேன். ஒயினையும் நானே பரிமாறுவேன். உம்முடைய சமையலை அவர் இன்னும் புகழ்கிறார். நீர் வந்து சமைத்தால் போதும், முன்னறைக்கு வர வேண்டாம். கலாவை மட்டும் அன்றைக்கு அண்ணன் வீட்டில் விட்டுவிட்டு வாரும். பிள்ளை உம்மை அம்மா என்று கூப்பிட்டுவிடுவாள்.

அன்புடன்,
தியாகராசா

*

கிள்ளான்,
29.6.1978

திரு. தியாகராசா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை அண்ணனிடம் காட்டவில்லை. காட்டியிருந்தால் அவர் அன்றைக்கே லோரியை எடுத்துக்கொண்டு உங்கள் வாசலுக்கு வந்திருப்பார்.

ஒன்றை உங்களிடம் சொல்லவில்லை. அன்று நீங்கள் எல்லோரும் முன்னறைக்குப் போனபின், அவர் தள்ளி வைத்த டம்ளரிலிருந்து ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். கையில் அண்ணி கொடுத்தனுப்பிய டோடோல் இனிப்பு ஒரு துண்டு இருந்தது. பனைவெல்லமும் தேங்காய்ப்பாலும் அந்த ஒயினோடு அப்படிச் சேர்ந்தன. மனத்தில் அவ்வளவு காயம் இருந்தும், நீங்கள் உள்ளே வந்ததும் இதைச் சொல்லலாம் என்றுதான் காத்திருந்தேன். வந்தவர், மீன் குழம்பைச் சொல்லித் திட்டிவிட்டுப் போனீர்கள்.

நேற்றுப் பந்திங்கில், கல்யாணத்துக்கு முன் நான் பாடம் நடத்திய பள்ளிக்குப் போனேன். தலைமையாசிரியை இராஜம்மா திங்கட்கிழமை வந்து சேரச் சொல்லிவிட்டார். கலாவுக்கும் அங்கேயே இடம் கிடைத்துவிட்டது. பள்ளிக்குப் பின்னால் ஒரு வீடும் பார்த்துவிட்டேன்.

சனிக்கிழமை அண்ணன் வருவார். கலாவின் பிறப்புப் பத்திரம், அவள் துணிகள், என் தையல் மிஷின் மூன்றையும் எடுத்து வையுங்கள். நீங்கள் வீட்டில் இருக்க வேண்டியதில்லை. என்னிடமுள்ள சாவியை அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். பூட்டிவிட்டு, அதைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வருவார்.

தங்கமணி