ஓனர் வருகிறார், ஜன்னலைச் சாத்துங்கள்

உங்களுக்குத்தான்,

நான் தையல் கம்பெனிக்குக் கிளம்புகிறேன். பதினொரு மணிக்குக் கரண்ட் போய்விடும். அதற்குள் கரண்ட் அடுப்பில் குழம்பைச் சூடு பண்ணிச் சாப்பிட்டுவிடுங்கள்.

வாடகையைப் பற்றிப் பேச வீட்டு ஓனர் இன்று வருகிறார். போன தடவை அவருக்கு டீ கொடுத்து, "காத்து அள்ளிக்கிட்டுப் போகுது சார், ஃபேனே வேணாம்" என்றீர்கள். அந்தக் காற்றுக்கும் சேர்த்து வாடகை ஏறியது. நேற்று அதைத்தான் சொன்னேன். "வேலைதான் போச்சு, வாயையாவது மூடி வைக்கக்கூடாதா" என்று நான் கேட்டது அதிகப்படிதான். உங்கள் கம்பெனியையே மூடினால் நீங்கள் என்ன செய்வீர்கள்?

ஜன்னலைச் சாத்துங்கள். சுவரில் ஈரம் ஊறும் இடத்தைக் காட்டுங்கள். பொய் சொல்ல வேண்டாம், உங்களுக்கு வராது. இரண்டு தடவை இருமினால் போதும்.

பி.கு.: பாதிப் படியிலிருந்து திரும்பி வந்து எழுதுகிறேன். நீங்கள் இன்னும் குளிக்கிறீர்கள். கரண்டை மிச்சம் பிடிக்க லிஃப்டை நிறுத்திவிட்டார்களாம். ஓனர் மூன்றாம் மாடிப் படியில் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தார்.

"எனக்கும் வேலை போச்சும்மா. பேங்க் தவணை கட்ட, நாங்க இருக்கற வீட்டையும் வாடகைக்கு விடப்போறேன். உங்க சின்ன ரூமை எங்களுக்குத் தருவீங்களா?" என்றார்.

"வீட்டுக்காரரைக் கேட்டுத்தான் சார் சொல்லணும்" என்றேன்.

"நான்தானேம்மா வீட்டுக்காரன்!"

"இல்ல சார், எங்க வீட்டுக்காரரை."

மேலே வந்துகொண்டிருக்கிறார். முதலில் தண்ணீர் கொடுங்கள். அப்புறம் நீங்கள் என்ன சொன்னாலும் எனக்குச் சம்மதம்.