பத்தாவது ஆள்

பிப்ரவரி 23, 2026, திங்கள்

இன்றும் நூருன்னிசா அக்கா ஆபீசிலேயே நோன்பு திறந்தார். ஒரு பேரீச்சம்பழம், ஒரு மடக்குத் தண்ணீர், மறுபடி மௌஸ். ஈசூன் வீட்டில் மகள் ஹம்னா கஞ்சியை மூடி வைத்துவிட்டு அம்மாவுக்காகக் காத்திருக்குமாம்.

இன்னும் கட்டாத காண்டோ அடுக்குமாடி வீடுகளுக்குக் கணினியிலேயே விளம்பரப் படம் செய்வது எங்கள் பிழைப்பு. ஒவ்வொரு அறைக்கும் விளக்கு வை, கேமரா வை, படமெடு. செக்குமாட்டு வேலை. இதை மனுஷி செய்ய வேண்டுமா? பைத்தானில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுத்தால் மென்பொருளே செய்துவிட்டுப் போகிறது. எழுதத்தான் போகிறேன்.

மார்ச் 2

ஓடுகிறது! அக்காவின் ஒரு நாள் வேலை மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது. வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்குக் கிளம்பினார். "நல்லா இருப்பே சுதா" என்று கன்னத்தைக் கிள்ளினார்.

மார்ச் 6

அக்கா எப்படிச் சீக்கிரம் போகிறார் என்று முதலாளி பிரபாகர் கேட்டார். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். பெருமை விட்டால்தானே? அவர் கணினியிலேயே ஓட்டிக் காட்டினேன். கைதட்டினார்.

மார்ச் 27

பெருநாள் முடிந்த கையோடு அக்காவுக்கு நோட்டீஸ். ஒரு மாதம்தான். "மனசுல வெச்சுக்காதீங்க லா, கொடுக்க வேலை இல்லையே" என்றாராம் பிரபாகர்.

வேலை இருந்தது. நான்தான் இல்லாமல் ஆக்கினேன். ஐயோ, என்ன காரியம் பண்ணிட்டேன்... அவங்க ஒருத்தங்க சம்பளத்துலதானே அந்த வீடே ஓடுது.

ஏப்ரல் 12

மே மாதம் என் எஸ் பாஸ் முடிகிறது; வெளிநாட்டுக்காரி நான் இங்கே வேலை செய்ய அதுதான் அனுமதி. அக்கா வேலையும் இப்போது என்னிடம், அதனால் நிச்சயம் புதுப்பிப்பார்கள் என்று ஒரு நினைப்பு ஓடியது. சீ.

ஏப்ரல் 28

பிரபாகர் அறைக்குக் கூப்பிட்டார். மொத்தம் பத்துப் பேர் இருந்தால்தான் எங்கள் கம்பெனிக்கு ஒரு எஸ் பாஸ் என்பது அரசு விதி. அக்கா நேற்றோடு போய்விட்டார். இப்போது ஒன்பது பேர். என் பாஸைப் புதுப்பிக்க முடியாதாம்.

"சாரி சுதா, அந்தக் கணக்கை நான் யோசிக்கவே இல்ல லா."

அக்காவையே திரும்பக் கூப்பிடுங்களேன் என்று கெஞ்சினேன். எனக்காகத்தான் கெஞ்சினேன், அதையும் எழுதி வைக்கிறேன்.

"எதுக்கு? வேலைதான் ஓடுதே."

மே 3

ஃபேரர் பார்க் ரூமில் பெட்டி கட்டிக்கொண்டே அக்காவுக்கு போன் செய்தேன். வேலை இன்னும் கிடைக்கவில்லையாம். ஸ்கிரிப்டை முதலாளிக்குக் காட்டியது, என் பாஸ் போனது, எல்லாவற்றையும் சொன்னேன்.

"உன் மேல கோவம் இல்லம்மா. ஆனா இனிமே யாருக்கும் உதவின்னு போகாதே."

விளையாட்டாகச் சொல்லவில்லை.

மே 22, வெள்ளி

நாளை திருச்சி விமானம். போகுமுன் எல்லார் முன்னாலும் ஸ்கிரிப்டை ஒரு தடவை ஓட்டிக் காட்டச் சொன்னார் பிரபாகர். அழித்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. அழித்து என்ன? எல்லாக் கணினியிலும் ஏற்றியாகிவிட்டது.

ஓட்டினேன். அறை அறையாக விளக்கு வந்தது. எங்காவது முரண்டு பிடிக்காதா, ஒரு நாளாவது என்னைத் தேட மாட்டார்களா என்று திரையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஒரு தப்புகூட வரவில்லை.