அறுத்த கட்டில்

மகள் வீட்டிலேயே தங்கிவிட்டவளுக்கு,

"அந்த மனுஷன் வீட்டுல எனக்குன்னு உக்கார ஒரு இடம் இருந்துச்சா?" என்று மகளிடம் கேட்டாயாமே. நாற்பது வருடம் நின்றுகொண்டா இருந்தாய்?

நம் இரட்டைக் கட்டிலை நேற்று நடுவில் அறுத்துவிட்டேன். அறுத்த பக்கங்களுக்கு நானே புதுக் கால்கள் வைத்தேன். ஒரு பாதி எனக்குப் போதும். மறுபாதி சமையலறை ஜன்னலோரம் பெஞ்சாகக் கிடக்கிறது. இனி இடமில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

எதிர்வீட்டுத் தச்சன் வந்து, "இது பெஞ்சா பெரியவரே? ஆளே படுக்கலாம் போலிருக்கே! அகலத்தைக் குறைங்க" என்று சிரித்தான். "உன் உளியை உன் வீட்டோட வெச்சுக்க" என்றேன்.

குறைக்கவில்லை. என் பாதிக் கட்டிலோடு ஒட்டித் தள்ளினால் முன்போலவே சமமாக நிற்கும். சோம்பல்தான் காரணம். நான் இறங்கிவந்துவிட்டதாக மகளிடம் சொல்லித் திரியாதே.

இப்படிக்கு,
ஒரு தப்பும் செய்யாத உன் கணவன்