பூண்டு வாசம் போகாத கோப்பை

ஏங்க,

நான் நாயுடுபுரம் போய் அண்ணனைப் பார்த்துவிட்டு, அப்படியே மைதானத்துக்கு வந்துவிடுவேன். சோறும் பருப்புக் குழம்பும் மூடி வைத்திருக்கிறேன். ஃபுட்பால் ஆட்டத்துக்கு முன்னால் வயிறு முட்டச் சாப்பிட வேண்டாம். உங்கள் பஜார் கிளப் பனியன் இந்த மூடுபனியில் காயவில்லை. அடுப்புக்கு மேலே கொடியில் கெடக்கு. புகை வாசம் அடித்தால் என்னைத் திட்டாதீர்கள். கிளம்பும்போது சாவியைப் பக்கத்து வீட்டு லீலாவிடம் கொடுங்கள்.

வெள்ளிக் கோப்பையை இன்றைக்கு மைதானத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்று நேற்றுத்தான் சொன்னீர்கள். போன வருஷம் நீங்கள் ஜெயித்துக் கொண்டுவந்ததிலிருந்து அதில் பள்ளங்கிப் பூண்டைத்தான் போட்டு வைத்திருந்தேன். விபூதி போட்டுத் தேய்த்தேன். பளபளவென்று ஆகிவிட்டது, வாசம் மட்டும் போகவில்லை. ஜெயித்தவர்கள் அதில் காபி ஊற்றி ஆளுக்கு ஒரு வாய் குடிப்பீர்களே, என்ன செய்வீர்களோ.

போன ஃபைனலில் அண்ணன் முட்டியில் விழுந்தது யார் உதை என்று இனி நான் கேட்க மாட்டேன். "உங்க அண்ணன்தான் குறுக்க வந்து விழுந்தாரு"ன்னு நீங்களும் சொல்ல வேண்டாம். இன்றைக்கும் நாயுடுபுரத்துக்கு அவர்தான் கோல்கீப்பர். நான் அவர் பக்கம்தான் உட்காருவேன்.

ராத்திரிக்கு மூன்று பேருக்கு அரிசி எடுத்து வைத்திருக்கிறேன்.

கண்மணி

சொல்ல மறந்துவிட்டேன்: யார் ஜெயித்தாலும் முதல் வாய் காபியை அண்ணனுக்குக் கொடுங்கள். ஒரு வருஷமாக நம் வாசல் மிதிக்காத மனுஷன். குடித்ததும் என் அடுப்படி வாசம் தெரிந்துவிடும். அப்புறம் "சாப்பிட வாங்க மச்சான்"னு நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.